புழங்கும் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

பல் வலி என்று மருத்துவரிடம் போனவர் அடுத்த சில வாரங்களில் மூளைத் தொற்றால் இறந்துபோனால், அந்தக் குடும்பத்துக்கு இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றாது. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் அப்படித்தான் நடந்தது. 2022-23இல் தமிழகத்தின் வட மாவட்டங்களில் 21 பேருக்கு ‘நியூரோமெலியாய்டோசிஸ்’ என்ற நரம்பு மண்டலத் தொற்று கண்டறியப்பட்டது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை, ஐசிஎம்ஆரின் கீழ் சென்னையில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழக அரசின் பொது சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து துருவியதில், அவர்களில் 10 பேர் ஒரே பல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

காரணம் ஒரு சலைன் பாட்டில். ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் கருவியாலேயே பாட்டிலைத் திறப்பது, மிச்சமிருப்பதை மூடி வைத்து அடுத்தவருக்கும் பயன்படுத்துவது என்பது அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்ஹோல்டீரியா சூடோமல்லி என்ற பாக்டீரியா அந்தப் பாட்டிலில் குடியேறியிருந்தது. 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் இந்த ஆய்வு வெளிவந்தபோது நாளிதழ்களில் செய்தி வந்தது. அதோடு பேச்சும் அடங்கிவிட்டது.

அடங்கியிருக்கக் கூடாது. ஊரில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் சுகாதார ஆய்வாளர் வருகிறார், குழாயைச் சோதிக்கிறார், பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள். குடிக்கிற தண்ணீர் விஷயத்தில் நமக்கு அந்த விழிப்பு உண்டு. ஆனால் மருத்துவமனைக்குள் நோயாளியைத் தொடுகிற தண்ணீரில் பெரும்பகுதி குடிப்பதற்கானது இல்லை. கை கழுவ, புண் கழுவ, கருவி கழுவ, குழந்தையைக் குளிப்பாட்ட, சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தைச் சுத்திகரிக்க என்று புழங்குகிற தண்ணீர் அது. அதைக் கவனிக்க இங்கே ஆள் இல்லை. திண்டுக்கல் நகரையும் சுற்றியுள்ள சமவெளியையும் வைத்து இதைப் பேசலாம். தண்ணீரைப் பிடித்து, சேர்த்து, நாள்கணக்கில் வைத்துப் புழங்குவதில் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கு இருக்கும் நிலைமை இங்கே துலக்கமாகத் தெரிகிறது.

இரண்டு தண்ணீர்

திண்டுக்கல்லுக்குத் தண்ணீர் மூன்று வழிகளில் வருகிறது: மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஆத்தூர் காமராஜர் அணை, வைகையில் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஆத்தூர் அணையின் முழு நீர்மட்டமே 23.5 அடிதான். மழை பொய்த்த ஆண்டில் அணை வற்றினால் நகரில் தண்ணீர் விடும் இடைவெளி நீளும். ஆகவே இந்த ஊரில் வீடு கட்டினாலும் மருத்துவமனை கட்டினாலும் தரைக்கடியில் சம்ப், மாடியில் தொட்டி, பின்புறம் போர் என்று மூன்றையும் சேர்த்துத்தான் திட்டம் போடுகிறார்கள்.

போர் தண்ணீர் உப்பு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு இறங்கிய பகுதிகளில் இன்னும் மோசம். 1996இல் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த புகழ்பெற்ற தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டமும் இருந்தது. அதனால் நல்ல தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீரைத் திறந்துவிடுவது ஊர் வழக்கம். வீட்டுக்கு இது சரியான சிக்கனம். மருத்துவமனையில் இதே வழக்கம் வேறு விதமாக முடிகிறது.

மாநகராட்சி தரும் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதியான ஐஎஸ் 10500, குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. போர் தண்ணீரில் அது துளியும் கிடையாது. நிலத்தடியிலிருந்து ஏறி நேராக மாடித் தொட்டிக்குப் போகிறது. அறுவை அரங்கின் வாசலில் டாக்டர் முழங்கை வரை கழுவும் தண்ணீரும், வார்டு நர்ஸ் நோயாளிக்கு நோயாளி கை கழுவும் தண்ணீரும் பல இடங்களில் இந்தத் தொட்டியிலிருந்து வருவதுதான். காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரைக் குடித்துவிட்டு, கிருமிக்கு எந்தத் தடுப்பும் இல்லாத தண்ணீரில் கை கழுவிக்கொண்டு நோயாளியைத் தொடுகிறோம்.

உப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. குழாயின் உள்சுவரில் வெள்ளைப் பொருக்காகப் படிந்து, வழவழப்பான தளத்தைச் சொரசொரப்பாக்கிவிடும். கிருமிகள் ஒட்டிக்கொள்ள அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை.

மொட்டைமாடியில் வளர்வது

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஹோட்டல் ஒன்றில் ‘அமெரிக்கன் லெஜியன்’ என்ற முன்னாள் படைவீரர் சங்கம் மாநாடு நடத்தியது. மாநாடு முடிந்து ஊர் திரும்பியவர்கள் நிமோனியாவில் விழுந்தார்கள். 221 பேருக்கு நோய். 34 பேர் இறந்தார்கள். ஆறு மாதம் தேடி, 1977 ஜனவரியில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். சங்கத்தின் பெயராலேயே அதற்கு லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். அது தண்ணீரில் வாழும் பாக்டீரியா. அந்தத் தண்ணீரைக் குடிப்பதைவிட, ஷவர், குழாய், ஏசி கூலிங் டவர் ஆகியவற்றிலிருந்து கிளம்பும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதில்தான் ஆபத்து. நோய் வந்தவர்களில் பத்துக்கு ஒருவர் இறக்கிறார். மருத்துவமனையில் படுத்திருக்கும்போது தொற்றியவர்களில் நாலுக்கு ஒருவர் இறக்கிறார் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் தரும் கணக்கு.

இந்தக் கிருமி 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை பெருகும். 60 டிகிரியில் சாகும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் விதிகள் 20, 60 என்ற இரண்டு எண்களின் மேல் கட்டியவை: குளிர்ந்த தண்ணீரை 20 டிகிரிக்குக் கீழே வை, வெந்நீரை 60 டிகிரிக்கு மேலே வை. லண்டனில் இது நடக்கும். திண்டுக்கல்லில் மே மாத மதியம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் முதலில் வரும் தண்ணீர் கையைச் சுடும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, நிழல் இல்லாத மொட்டைமாடி, மூடி உடைந்து செங்கல் வைத்து அழுத்திய வாய், அடியில் விரல்கடை உயரத்துக்கு வண்டல், சுவரில் பச்சைப் படிவு. மார்கழிக் காலையைத் தவிர ஆண்டு முழுவதும் அந்தத் தண்ணீர் கிருமிக்குப் பிடித்த வெப்பத்தில்தான் இருக்கிறது. வெயில் ஏற ஏற, இருக்கிற கொஞ்ச குளோரினும் பறந்துவிடும்.

கீஸரும் சோலார் ஹீட்டரும் சேர்ந்தால் சிக்கல் கூடுகிறது. கரண்டு பில்லுக்கும் கை சுட்டுவிடும் என்ற பயத்துக்கும் அஞ்சி 45, 50 டிகிரியில் வைக்கிறோம். மேகம் மூடிய நாளில் சோலார் தொட்டி வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. குளிக்க அது இதமான சூடு. கிருமிக்கும் அப்படியே.

இங்கே லெஜியோனெல்லா நோயாளியைப் பார்த்ததே இல்லை என்று மருத்துவர்கள் சிலர் சொல்லக்கூடும். தேடினால்தானே கிடைக்கும்? சாதாரண சளிப் பரிசோதனையில் இந்தக் கிருமி வளராது. இதற்கென்று தனியான வளர்ப்பு ஊடகமும் பத்து நாள் வரை பொறுமையும் வேண்டும். சிறுநீரில் செய்யும் துரிதப் பரிசோதனை மாவட்ட அளவில் எளிதாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கிருமியின் ஒரு வகையைத்தான் பெரும்பாலும் காட்டும். நிமோனியாவோடு வந்தவருக்கு அசித்ரோமைசின் கொடுக்கிறோம். அது லெஜியோனெல்லாவையும் கொல்லும் மருந்து. பிழைத்தவர் வீட்டுக்குப் போகிறார், பிழைக்காதவர் ‘நிமோனியா’ என்ற பதிவோடு போகிறார். இரண்டிலும் தண்ணீர்த் தொட்டியின் மேல் சந்தேகம் விழுவதில்லை.

குழாய் முனையும் கைகழுவும் தொட்டியும்

லெஜியோனெல்லாவாவது தேடிப் பிடிக்க வேண்டிய கிருமி. சூடோமோனாஸ் அப்படியில்லை, நம்முடைய ஐசியு ஒவ்வொன்றிலும் தினமும் பேச்சில் இருக்கும் பெயர். ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடு. குழாயின் உள்ளே தனித்தனியாக மிதந்தால் குளோரின் அதைக் கொன்றுவிடும். ஆனால் அது சுவரில் ஒட்டி, தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கிறது. பயோஃபிலிம் என்ற இந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியைச் சாதாரண அளவு குளோரின் அசைக்க முடியாது. லெஜியோனெல்லா இன்னும் சாமர்த்தியசாலி. தண்ணீரில் உள்ள அமீபாவுக்குள்ளேயே புகுந்து வளர்கிறது.

2011 டிசம்பரிலும் 2012 ஜனவரியிலும் வட அயர்லாந்தில் இரண்டு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் சூடோமோனாஸ் தொற்றி நான்கு குழந்தைகள் இறந்தார்கள். தேடிப்போனபோது கிருமி குழாய்களில் இருந்தது. கை படாமல் சுத்தமாக இருக்கட்டும் என்று பொருத்திய நவீனக் குழாய்கள் அவை. நீரைச் சீராகக் கொட்டவைக்க முனையில் செருகிய சிறு பிளாஸ்டிக் பாகத்தில் கிருமி கூடு கட்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2015இல் பெரும் செலவில் திறந்த குவீன் எலிசபெத் பல்கலைக்கழக மருத்துவமனையில், புற்றுநோய்க் குழந்தைகளுக்கு வந்த தொற்றுகளில் தண்ணீரின் மேல் சந்தேகம் விழுந்தது. 2018இல் வார்டையே காலி செய்தார்கள். பிறகு பொது விசாரணை அமைந்தது. கட்டிடம் புதிதாக இருப்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. குழாய் பொருத்தி, அழுத்தம் சோதிக்கத் தண்ணீர் நிரப்பி, திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்கும்வரை மாதக்கணக்கில் அப்படியே விட்டால், முதல் நோயாளி வருமுன்பே கிருமி குடிவந்துவிடும். 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. திண்டுக்கல் அவற்றில் ஒன்று. மாவட்டம்தோறும் புதுக் கட்டிடங்கள் எழும் இந்தக் காலத்தில் கிளாஸ்கோவின் பாடம் நமக்கும் பொருந்தும்.

வடிகால் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நம்முடைய வார்டில் நோயாளியோடு தங்கும் உறவினர் டிபன் பாக்ஸைக் கழுவுவது, வார்டின் ஒரே கைகழுவும் தொட்டியில்தான். மிச்சமான கஞ்சி, டீ, பாதி தீர்ந்த டிரிப் எல்லாம் அதே ஓட்டையில் போகிறது. வளைகுழாயில் தேங்கும் கிருமிக்கு அது மூன்று வேளைச் சாப்பாடு. அடுத்த முறை குழாயை வேகமாகத் திறந்தால் ஓட்டையிலிருந்து தெறிக்கும் துளி, பக்கத்துக் கட்டிலின் போர்வை வரை போகும். மருந்துக்கு மசியாத கிருமிகள் ஒன்றிடம் ஒன்று எதிர்ப்பு மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்ளும் இடமும் இந்த வளைகுழாய்தான். உறவினரைத் திட்டிப் பயனில்லை. பாத்திரம் கழுவத் தனி இடம் கட்டித் தராதது கட்டிடத்தின் குறை.

ரத்தத்தைத் தொடும் தண்ணீர்

ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கிறார். டயாலிசிஸ் படுக்கையில் நாலு மணி நேரம் படுத்தவரின் ரத்தத்துக்கு மறுபக்கம், மெல்லிய சவ்வு ஒன்று மட்டும் இடையில் இருக்க, சுமார் 120 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். ஆர்ஓ கருவியில் வடிகட்டிய தண்ணீர்தானே என்று நினைப்போம். குளோரின் ரத்த அணுக்களை உடைக்கும் என்பதால், ஆர்ஓவுக்கு முன்பே கரி வடிகட்டியில் குளோரினை முழுவதும் எடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு அந்தத் தண்ணீருக்குத் தற்காப்பு எதுவும் இல்லை. சேமிப்புத் தொட்டியிலோ குழாய்ச் சுற்றிலோ ஒரு மூலை தேங்கினாலும் கிருமி பெருகும். கிருமி செத்தாலும் அதன் உடலிலிருந்து வெளியாகும் நச்சு சவ்வைத் தாண்டிப் போய்க் குளிர் நடுக்கத்தைக் கொண்டுவரும். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நடுங்கும் நோயாளிகளை நர்ஸ்கள் அறிவார்கள். அதைப் பலவீனம் என்று கடந்துபோகாமல், அன்றைய தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

1996 பிப்ரவரியில் பிரேசிலின் கருவாரு நகரில் டயாலிசிஸ் மையம் ஒன்றில் நடந்ததை, லாரித் தண்ணீர் வாங்கும் ஒவ்வொரு ஊரும் தெரிந்துகொள்ள வேண்டும். அணைத் தண்ணீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் டேங்கர் லாரியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். அதில் நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்லும் சயனோபாக்டீரியாவின் நச்சு இருந்தது. 116 நோயாளிகளுக்குப் பார்வை மங்கல், குமட்டல், தளர்ச்சி. அந்த நச்சால் மட்டும் 52 பேர் கல்லீரல் செயலிழந்து இறந்ததாகக் கணக்கிட்டார்கள். கோடையில் திண்டுக்கல்லிலும் வேடசந்தூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் லாரித் தண்ணீர் புதிதில்லை. எங்கே பிடித்தது, லாரித் தொட்டி எப்போது கழுவியது, குளோரின் இருக்கிறதா என்று மருத்துவமனை கேட்டுவிட்டுத்தான் சம்ப் மூடியைத் திறக்க வேண்டும்.

இதோடு ஆக்சிஜன் ஹியூமிடிபையர் பாட்டில். ஆக்சிஜன் குமிழ்விட்டு நோயாளியின் மூக்குக்குப் போகும் அந்தச் சின்னப் பாட்டிலில் ஊற்ற வேண்டியது கிருமி நீக்கிய நீர். அவசரத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவதும், நெபுலைசர் குப்பியைக் குழாயில் அலசி ஈரத்தோடு வைப்பதும் பழக்கமாகிவிட்டது. நுரையீரலுக்குள் கிருமியை நேராக அனுப்ப வேறு ஏற்பாடு வேண்டாம்.

லாட்ஜும் மில்லும்

மருத்துவமனைக்கு வெளியேயும் இதே கதைதான். பழநியில் தைப்பூசம், பங்குனி உத்திரத்துக்கு லாட்ஜ் அறைகள் நிரம்பி வழியும்; இடையில் பல அறைகள் வாரக்கணக்கில் பூட்டியிருக்கும். பூட்டிய அறையின் குழாயில் நின்ற தண்ணீர், திறந்த நாளில் முதல் பக்தரின் தலையில் ஷவராகக் கொட்டுகிறது. பாதயாத்திரை வந்து களைத்த முதியவராக அவர் இருந்தால் ஆபத்து கூடும். அறையைக் கொடுப்பதற்கு முன் ஷவரையும் குழாயையும் சில நிமிடம் ஓடவிடுவது ரூம்பாய் செய்யக்கூடிய வேலை.

வேடசந்தூர், வத்தலகுண்டு பக்கத்து நூற்பாலைகளில் நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரம் வேண்டும். அதற்குத் தண்ணீரைத் தூவலாகத் தெளித்து, அந்த ஈரக்காற்றைப் பெரிய மின்விசிறிகள் ஷெட்டுக்குள் தள்ளுகின்றன. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். பஞ்சுத் தூசும் அதில் சேரும். அந்தத் தொட்டியைக் கழுவுகிறார்களா, மருந்து இடுகிறார்களா என்பது எட்டு மணி நேரம் அந்தக் காற்றைச் சுவாசிக்கும் பெண் தொழிலாளியின் உடல்நலக் கேள்வி. தொழிற்சாலை ஆய்வாளர்கள் இயந்திரக் காப்பைப் பார்ப்பதுபோல இதையும் பார்க்க வேண்டும்.

பொறுப்பு எங்கே நிற்கிறது?

நாட்டிலேயே முன்னோடியாக 1939இல் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. அந்தச் சட்டம் நல்ல தண்ணீர் தரும் கடமையை உள்ளாட்சியின் மேல் வைத்தது. ஆனால் மாநகராட்சியின் கண் தெருக் குழாயோடு நின்றுவிடுகிறது. சம்பிலிருந்து நோயாளியின் கட்டில் வரை உள்ள தூரத்துக்குக் கட்டிட உரிமையாளர் பொறுப்பு என்று எல்லாரும் நினைக்கிறோம். உரிமையாளர் பிளம்பரை நினைக்கிறார். பிளம்பருக்கு ஒழுகினால்தான் வேலை. நர்ஸ் கை கழுவச் சொல்லிக்கொடுக்கிறார். கழுவும் தண்ணீரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தனியார் மருத்துவமனைகளுக்கு 1997ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018இன் விதிகளும் உண்டு. மாவட்டத்தில் நலப்பணிகள் இணை இயக்குநர்தான் பதிவு தருகிறார். மத்திய சுகாதார அமைச்சகம் 2020இல் தொற்றுத் தடுப்புக்குத் தேசிய வழிகாட்டி வெளியிட்டது. அரசு மருத்துவமனைகளுக்குத் தூய்மைக்காக ‘காயகல்ப்’ மதிப்பெண்ணும் விருதும் இருக்கின்றன. காகிதத்துக்குக் குறைவில்லை. தொட்டிவாரியாக, குழாய்வாரியாக இன்றைக்குக் குளோரின் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

2024 டிசம்பரில் திண்டுக்கல் – திருச்சி சாலையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் தீப்பிடித்து, மின்தூக்கியில் சிக்கியவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று பற்றி ஊரே பேசியது. தீ புகையோடு வருகிறது, கேமரா வருகிறது, அமைச்சர்கள் வருகிறார்கள். தண்ணீரால் வரும் சாவு ஒருவர் ஒருவராக, வேறு வேறு வார்டில், ‘செப்சிஸ்’, ‘நிமோனியா’ என்ற பெயர்களில் நடக்கிறது. வாணியம்பாடியில்கூட நோயாளிகளை ஒரு பெரிய மருத்துவமனையின் நிபுணர்கள் சேர்த்துப் பார்த்ததால்தான் தொடர்பு புலப்பட்டது.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு தேவைப்படாதவற்றை முதலில் சொல்லிவிடலாம். மருத்துவமனைக்குள் வரும் எல்லாத் தண்ணீருக்கும், போர் தண்ணீர் உட்பட, குளோரின் கலக்க வேண்டும். 33 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். 10,000 லிட்டர் தொட்டிக்கு 25 கிராம். பவுடரைத் தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். திறந்து வைத்த மூட்டை வீரியம் இழக்கும் என்பதால் கண்ணளவை நம்பக் கூடாது. தினமும் தொட்டிக்கு மிகத் தொலைவிலுள்ள குழாயில், குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப் கருவியை வைத்துப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மஞ்சள் நிறம் வரவில்லை என்றால் தண்ணீர் நிராதரவாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சம்பையும் தொட்டியையும் காலி செய்து, வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்து, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பவுடர் என்ற கணக்கில் நிரப்பி, அந்தத் தண்ணீரைக் குழாய் முனைகள் வரை ஓடவிட்டு, ஒரு மணி நேரமாவது நிறுத்திவைத்து, பிறகு முழுவதும் வடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் யாரும் அந்தத் தண்ணீரைப் புழங்கக் கூடாது. டயாலிசிஸ் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லாமல் குளோரினை ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. இந்த ஓர் எச்சரிக்கையைப் பம்ப் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம்.

பயன்படாத வார்டு, பூட்டிய குளியலறை ஆகியவற்றின் குழாய்களை வாரம் ஒருமுறையாவது சில நிமிடம் திறந்துவிட வேண்டும். குழாய் இணைப்பை இடம் மாற்றிய பிறகு சுவருக்குள் அப்படியே விட்ட முட்டுக் குழாய்களை வெட்டி அடைக்க வேண்டும். ஷவர் தலைகளையும் குழாய் முனை வலைகளையும் கழற்றி உப்புக் கறை போகக் கழுவ வேண்டும். வெந்நீரைத் தொட்டியில் 60 டிகிரியில் வைத்து, கை சுடாதபடி குழாய் அருகில் கலந்து தர வேண்டும். ஐசியு, பச்சிளங்குழந்தைப் பிரிவு, புற்றுநோய்ப் பிரிவு ஆகிய இடங்களில் மட்டும் 0.2 மைக்ரான் வடிகட்டியைக் குழாய் முனையில் பொருத்தலாம்; அது செலவுதான், ஆனால் எல்லா இடத்துக்கும் வேண்டியதில்லை.

குளோரின் நாற்றம் அடிக்கிறது என்று நோயாளிகள் குறைசொல்வார்கள், குழாய் அரிக்கும் என்று பொறியாளர் சொல்வார். அளவு மீறினால் இரண்டும் உண்மை. அளவோடு போடத்தான் தினமும் சோதித்து எழுதச் சொல்கிறோம். பத்துப் படுக்கை நர்சிங் ஹோமுக்கு இது தாங்காது என்ற வாதமும் நிற்காது. ஒரு நாள் ஐசியு கட்டணத்துக்குள் ஓர் ஆண்டுக்கான பவுடரும் சோதனைக் கருவியும் வந்துவிடும்.

அரசு செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது ஆள். டெங்கு தடுப்புக்காகக் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் தொட்டி தொட்டியாக ஏறி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள், அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். தொட்டியின் வாயருகே ஏற்கெனவே நிற்கும் அந்தப் பணியாளர் கையில் ஒரு குளோரோஸ்கோப்பைக் கொடுத்தால், மருத்துவமனை, விடுதி, லாட்ஜ் எல்லாவற்றின் தண்ணீர் நிலவரமும் மாநகர நல அலுவலர் மேசைக்கு வந்துவிடும். புதுத் துறை வேண்டாம், புதுப் பணியிடமும் வேண்டாம். கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி கொடுத்தால் போதும்.

இரண்டாவது, ஆய்வகமும் விதியும். மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதன் நுண்ணுயிரியல் துறைக்கு லெஜியோனெல்லா, சூடோமோனாஸ் சோதனைக்கான வசதி தந்து, மாவட்டத்தின் ஐசியுக்கள், டயாலிசிஸ் மையங்களின் தண்ணீரைக் காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கச் செய்யலாம். நியூயார்க்கில் 2015இல் ஒரு கூலிங் டவரிலிருந்து கிளம்பிய லெஜியோனெல்லா 16 பேரைக் கொன்றதும், அந்த நகரம் சில வாரங்களுக்குள் எல்லாக் கூலிங் டவர்களையும் பதிவு செய்து சோதிக்கச் சட்டம் போட்டது. மருத்துவமனைப் பதிவைப் புதுப்பிக்க வரும்போது தீயணைப்புச் சான்று கேட்பதுபோல, தண்ணீர்ப் பதிவேட்டையும் கேட்க இணை இயக்குநருக்கு விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஒவ்வொரு மருத்துவமனையிலும் தண்ணீருக்கு இன்னார் பொறுப்பு என்று ஒருவரின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும்.

நம் ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டியின் தூணில், கழுவிய தேதியையும் அடுத்துக் கழுவும் தேதியையும் பெயிண்டில் எழுதிவைக்கிறார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது அங்கே நடைமுறை. ஆரோக்கியமான மனிதர்கள் குடிக்கும் தண்ணீருக்கு இருக்கும் இந்த ஏற்பாடு, நோயாளிகள் படுத்திருக்கும் கட்டிடத்துக்கும் கட்டாயமாக வேண்டும். அரசு ஆணை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது, டாக்டர் யார், அறை வாடகை எவ்வளவு, இன்சூரன்ஸ் உண்டா என்ற கேள்விகளோடு இன்னொன்றையும் வரவேற்பறையில் கேளுங்கள்: தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.